கல்லு மூஞ்சியும் ஈரிதழ் வால்வும்

அந்த அம்மாவுக்குப் பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் அது நினைவில் இல்லை. மரியாதை தெரிந்தவர்களுக்கு அவள் ‘எக்கோம்மா’. மற்றவர்களுக்கு, அதாவது முக்கால்வாசிப் பேருக்கு, ‘கல்லு மூஞ்சி’. இரண்டு பெயருக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள். இரண்டாவதற்குக் கொஞ்சம் பெருமையாகவே திரும்புவாள்.

தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் கேன்டீனுக்கும் நடுவில், ஜன்னலே இல்லாத ஒரு அறை. அதுதான் எக்கோ அறை. ஒரு கட்டில், ஒரு மெஷின், ஒரு டப்பா ஜெல், துடைக்கக் காகிதச் சுருள், முழுசாக மூடாத ஒரு திரைச்சீலை. ஏசி மட்டும் யார்மீது கோபமோ தெரியாது, அப்படிக் குளிரும். வருகிறவர்கள் சட்டையைக் கழற்றி இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அவள் அவர்கள் நெஞ்சில் ஜெல்லைத் தடவி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைத்து அழுத்துவாள். உள்ளே துடிக்கிற இதயம் திரையில் தெரியும். “மூச்ச இழுங்க. விடுங்க. அப்படியே நிறுத்துங்க.” இதைத் தவிர அவள் வாயிலிருந்து முத்து உதிராது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மூஞ்சி கல்லாக இல்லை. சொல்லப்போனால் ரப்பராக இருந்தது. மனசில் ஒன்று ஓடினால் புருவத்தில் இரண்டு ஓடும். அப்போதுதான் ஒரு லாரி டிரைவர் வந்தார். ஆள் என்றால் ஆள், படுத்தால் கட்டில் முனகும். அவ்வளவு பெரிய மார்பில் இதயத்தைத் தேடிப் பிடித்து, கருவியை அழுத்தியபடியே இருந்ததில் இவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. வலி தாங்காமல் உதட்டைக் கடித்து, முகத்தைச் சுளித்து, “ஸ்ஸ்...” என்றாள். அவ்வளவுதான்! அந்த மனுஷன் அதைப் பார்த்துவிட்டார்.

“எவ்ளோ நாள்னு மட்டும் சொல்லிடும்மா” என்றார். இவள் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டார். நெஞ்சில் ஜெல் வழிய, ஒட்டியிருந்த ஒயர்கள் தொங்க, வராந்தாவுக்கு ஓடி மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “மச்சான், லாரி இனிமே உன்னுது. புள்ளைங்கள மட்டும் படிக்க வெச்சிடு.” மச்சான் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டே சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். டிரைவர் இதயத்தில் எள்ளளவும் குறை இல்லை. அந்தச் சாவியைத் திரும்ப வாங்கத்தான் அவர் படாத பாடு பட்டதாகக் கேள்வி.

இதய டாக்டரம்மா இவளைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். “படம் எடுக்கிறது உன் வேலை. பலன் சொல்றது என் வேலை. நாளையிலேர்ந்து மூஞ்சிய வீட்லயே கழட்டி வெச்சிட்டு வா!”

ரோஷக்காரி இல்லையா, அதைப் பிடித்துக்கொண்டாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். கால் சுண்டுவிரலைக் கதவில் இடித்துக்கொண்டு முகம் மாறாமல் நிற்பது வரைக்கும் போனாள். அப்புறம் கட்டிலில் யார் படுத்து என்ன தெரிந்தாலும் அந்த முகத்தில் ஒரு ரேகை அசையாது. நல்லதோ கெட்டதோ, “டாக்டர் சொல்வாங்க” என்று ஒரே பதில்தான். டாக்டரம்மாவே ஒருநாள், “போதும்டி, என்கிட்டயாவது கொஞ்சம் சிரி” என்றார்.

சிக்கல் என்னவென்றால், கழற்றி வைத்த மூஞ்சியைத் திரும்ப மாட்ட மறந்துபோனது. மகள் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து, கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். இவள் பார்த்தாள். “கால கழுவிட்டு வா” என்றாள்.

“அம்மா, உனக்கு சந்தோஷமா இருக்கா இல்லியா?”

“இருக்கே.”

“எங்க?” என்று மகள் அவள் முகத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருக்கிறார். ஒரே நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, வாசலில் இடுப்பளவுக்கு இரட்டைத் தட்டிக் கதவு. அதில் ஒரு தட்டிக்கு வில் கம்பி அறுந்து பல காலம் ஆகிறது. உள்ளேயும் ஆடும், வெளியேயும் ஆடும். மனுஷன் அதைத் தொட்டது கிடையாது. வாய் மட்டும் கத்தரிக்கோலை விட வேகமாக ஓடும். “அகத்தின் அழகு முகத்தில் தெரியும். நாள் முழுக்கக் கண்ணாடியில மூஞ்சி பாக்குறவன் நான். எவன் கடன்காரன், எவன் புதுமாப்பிள்ளைன்னு நொடியில சொல்லிடுவேன்” என்பார். சொல்லவும் சொல்வார், அதில் ஒன்றும் பொய் இல்லை. முகத்தில் பிடிபடாத அமுக்கனாக இருந்தால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வெட்டும்போது கழுத்தைச் சுற்றிப் போர்த்துகிற துணி இருக்கிறதே, அதைப் பார்ப்பார். “மூஞ்சி நடிக்கும். ஆனா துணிக்குள்ள கை இருக்கிறத ஆளு மறந்துடுவான். அது அங்க தனியா புலம்பிக்கிட்டிருக்கும்.”

அந்த வாயாடி சில மாதமாகப் பேச்சின் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கினார். இரண்டு பேருக்கு முடி வெட்டினால் ஸ்டூலில் உட்கார்ந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலைக்கு இன்னொரு தலையணை வைத்துக்கொண்டார். கேட்டால், “தலையணை பழசாயிடுச்சு” என்றார். கல்லு மூஞ்சி ஒரு காலையில் அவர் கையைப் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், எக்கோ எழுதினார். அறையில் இன்னொரு டெக்னீஷியனும் இருந்தார். சலூன்காரர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். “என் நெஞ்சுல என் பொண்டாட்டிதான் கை வைக்கணும்” என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

அவள் ஜெல்லைத் தடவினாள். “ஐயோ, கூசுதுடி” என்று அவர் நெளிந்தார். “ஆடாதீங்க” என்றாள். திரையில் அவருடைய இதயம் வந்தது.

இதயம் என்று ஊர் உலகம் என்னென்னவோ பாடுகிறது. அவளைக் கேட்டால் சொல்வாள்: மூடிய கை அளவுக்கு ஒரு தசை, உள்ளே நாலு அறை, ரத்தம் ஒரே திசையில் போக நாலு வால்வு. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வருகிற ரத்தம் வலது மேலறையில் இறங்கும். மூவிதழ் வால்வு திறந்து வலது கீழறைக்கு விடும். அந்த அறை அதை நுரையீரலுக்குத் தள்ளும். அங்கே காற்று வாங்கித் தெளிந்து இடது மேலறைக்கு வரும். ஈரிதழ் வால்வு வழியாக இடது கீழறையில் விழும். அந்த அறைதான் உழைப்பாளி. சுவர் தடித்தது, ஒரே இறுக்கில் ரத்தத்தைப் பெருந்தமனிக்குள் அனுப்பி உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கொண்டு சேர்க்கும். லப்-டப் என்று கேட்கிறோமே, அது வால்வுகள் சாத்துகிற சத்தம்தான். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற இரண்டும் சாத்தினால் லப். வெளியே போகும் வாசலில் இருக்கிற இரண்டும் சாத்தினால் டப். இதை அவள் ஆயிரக்கணக்கான நெஞ்சில் பார்த்திருக்கிறாள், ஒருநாளும் சலித்ததில்லை. அடுத்தவர் உடம்பு இவ்வளவு ஒழுங்காக வேலை செய்வதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு தனி நிறைவு.

ஈரிதழ் வால்வின் இரண்டு இதழ்களையும் மெல்லிய நார்க் கயிறுகள் கீழறையின் தசையோடு பிடித்துக் கட்டியிருக்கும். கீழறை இறுகும்போது இதழ்கள் மேலே பிய்த்துக்கொண்டு போகாமல் அந்தக் கயிறுகள்தான் காக்கும். சலூன்காரருக்கு அதில் ஒரு கயிறு அறுந்திருந்தது. ஒரு இதழ் நன்றாகத்தான் சாத்தியது. இன்னொன்று, ஒவ்வொரு துடிப்புக்கும், பிடி விட்டுப்போய் மேலறைக்குள் மடங்கி விழுந்தது.

அவள் நிறம் காட்டும் பொத்தானை அழுத்தினாள். கருவியை நோக்கி வருகிற ரத்தத்தை மெஷின் சிவப்பாகக் காட்டும், விலகிப் போவதை நீலமாக. வேகம் மீறினால் மஞ்சளும் கலக்கும். முன்னால் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு, நீலமும் மஞ்சளும் கலந்த சுழலாக, வந்த வழியே மேலறைக்குள் பீறிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதை. அப்படித் திரும்பிய ரத்தத்தின் அழுத்தம்தான் பின்னால் நுரையீரல் வரைக்கும் போய், படுத்தால் மூச்சு முட்ட வைத்திருக்கிறது. பாவம், தலையணைமீது பழி!

“என்னடி தெரியுது?”

“மூச்ச இழுங்க. விடுங்க. அப்படியே நிறுத்துங்க.”

எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தாள். கருவி ஒரு நூல் பிசகவில்லை. ஜெல்லைத் துடைத்துவிட்டாள். அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். கண்ணாடியில் மூஞ்சி படிக்கிற நிபுணர் இல்லையா! “டாக்டர் சொல்வாங்க” என்றாள். அவர் விசிலடித்துக்கொண்டே சட்டையை மாட்டினார்.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். கயிறு அறுந்திருக்கிறது. ஆபரேஷன் செய்து அவருடைய வால்வையே சீர்செய்துவிடலாம். இப்போது செய்தால் பழையபடி நடமாடலாம். தள்ளிப் போட்டால், திரும்பி வருகிற ரத்தத்தையும் சேர்த்து இறைத்து இறைத்துக் கீழறை இளகிப் பெருத்துவிடும். அப்புறம் வால்வைச் சரிசெய்தாலும் தசைக்குப் பழைய பலம் வராது. “இந்த மாசத்துக்குள்ள பண்ணிடலாம்” என்றார்.

“யோசிச்சு சொல்றேன் டாக்டர்” என்றார் சலூன்காரர். வெளியே வந்ததும் யோசித்து முடித்துவிட்டார். “எனக்கு ஒண்ணும் இல்ல.”

“டாக்டர் அவ்ளோ தெளிவா சொன்னாங்களே?”

“அவங்க சொன்னாங்க. நான் உன் மூஞ்சியப் பாத்தேன். கட்டின புருஷன் உயிருக்கு ஆபத்துன்னா எந்தப் பொண்டாட்டி மூஞ்சி மாறாம இருப்பா? மாறல. அப்போ விஷயம் பெருசில்ல.”

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொல்லி வைத்த புண்ணியவான் இந்தக் கல்லு மூஞ்சியைப் பார்த்ததில்லை, வேறென்ன சொல்ல!

அவள் வீட்டில் சொன்னாள். சாப்பிடும்போது சொன்னாள், துணி மடிக்கும்போது சொன்னாள். “ஆபரேஷன் பண்ணணும்” என்பதையும் “உப்பு தீந்துபோச்சு” என்பதையும் ஒரே குரலில், ஒரே முகத்தோடு சொன்னால் எந்த மனுஷன் நம்புவான்? போதாததற்கு ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். “பம்பிங் நல்லா இருக்குன்னுதானே போட்டிருக்கு?”

“நல்லா இறைக்குதுங்க. ஆனா இறைக்கிறதுல ஒரு பங்கு பின்னால போகுது. அதையும் சேத்துதான் அந்தக் கணக்கு.”

“இறைக்குதுல்ல? அப்புறம் என்ன?”

செவிடன் காதில் ஊதிய சங்கு. மகள் அழுது பார்த்தாள். “நீ சின்னப் பொண்ணு, எதுக்கெடுத்தாலும் அழுவ. உங்க அம்மாவப் பாரு, எப்படி இருக்கா!” என்று அதையும் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். அன்றைக்கு மகள் அப்பாவை விட்டுவிட்டு அம்மாவிடம் வந்தாள். “ஒரே ஒரு தடவ அழுதுடும்மா. அப்பா நம்பிடுவார்.”

அது அவளைச் சுட்டது. இத்தனை வருஷம் பெருமையாகத் தூக்கிச் சுமந்த முகம் இப்போது அவர் உயிருக்கே உலை வைக்கிறது. மறுநாள் மதியம் வேலையின் நடுவே கையைக் கழுவிக்கொண்டு, சீருடையோடு சலூனுக்கு நடந்தாள். கடையில் ஆள் இல்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் மேஜையைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“என்ன அதிசயம்! கல்லு, வழி தப்பி வந்துட்டியா?”

அவள் நேராகப் போய் நாற்காலியில், கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தாள். “முடி நுனிய வெட்டி விடுங்க.”

அவர் வாயெல்லாம் பல்லாகத் துணியை உதறி அவள் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினார். சீப்பை எடுத்தார்.

“அந்தக் கதவப் பாருங்க” என்றாள் கண்ணாடியில் தெரிந்த வாசலைக் காட்டி. “ஒரு தட்டி நிக்குது. இன்னொண்ணு உள்ளயும் ஆடுது, வெளியயும் ஆடுது. உங்க வால்வு இப்போ அப்படித்தான் இருக்கு.”

“ஆடட்டுமே. கஸ்டமர் வர்றான்ல? கதவு ஆடுதுன்னு எவனாவது கடையப் பிளப்பானா?”

நல்லா கேட்டார் கேள்வி! சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள்.

“கண்ணாடியில என் மூஞ்சியப் பாருங்க. நல்லா பாருங்க.”

பார்த்தார். அவள் அழப் பார்த்தாள். நிஜமாகவே முழு மனசோடு முயற்சி செய்தாள். புருவத்தைச் சுருக்கினாள், உதட்டைப் பிதுக்கினாள். பாழாய்ப்போன முகம் அசைந்தால்தானே! கால் சுண்டுவிரலை இடித்து இடித்துப் பழக்கியதாயிற்றே.

“என்ன, கொட்டாவியா?” என்றார்.

“அழறேன்.”

“இதுவா?” அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் இரைப்பாகி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரைப்பு அடங்கும்வரை அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் அப்போதும் மாறவில்லை.

“அன்னிக்கு அந்தக் கயிறு அறுந்து கெடந்தத நான்தான் முதல்ல பாத்தேன்” என்றாள் அதே உப்புத் தீர்ந்த குரலில். “டாக்டருக்கு முன்னாடி, உங்களுக்கு முன்னாடி. நீங்க கூசுதுன்னு சிரிச்சிட்டிருந்தீங்க. கை நடுங்குனா படம் கலைஞ்சிடும்னு மூச்ச அடக்கிக்கிட்டேன். எனக்கு ரொம்ப பயமா இருக்குங்க. நீங்க இல்லாம எனக்கு வாழத் தெரியாது. அது இந்த மூஞ்சிக்கு வர மாட்டேங்குது, நான் என்ன பண்ணுவேன்?”

சலூன்காரர் கண்ணாடியில் முகத்தைத் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. பழக்க தோஷத்தில் பார்வை கீழே இறங்கியது.

துணி நடுங்கிக்கொண்டிருந்தது. மடிக்கு மேலே, நீலத் துணி முழுக்க, மழையில் நனைந்த குருவி மாதிரி வெடவெடவென்று. கத்தரிக்கோலுக்குப் பயப்படுகிற குழந்தையின் துணி கூட அப்படி ஆடி அவர் பார்த்ததில்லை. சீப்பை மேஜையில் வைத்தார். துணியை மெல்ல விலக்கினார். கருவி பிடித்தால் நூல் பிசகாத அந்தக் கைகள் மடியில் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்து, அப்படியும் நிற்காமல் நடுங்கின.

அவருடைய வாய் என்றைக்கு ஓய்ந்தது? அன்றைக்கு ஓய்ந்தது. நாற்காலி முன்னால் மெதுவாக உட்கார்ந்து, அந்த இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“அன்னிலேர்ந்து இப்படித்தான் இருக்கா?”

“ம்.”

“அட லூசே, மூஞ்சியக் காட்டுறதுக்குப் பதிலா இதக் காட்டக் கூடாதா?” என்றார். “வா, டாக்டர்கிட்ட போவோம். நாள் குறிக்கட்டும்.”

ஆபரேஷன் முடிந்தது. அறுந்த கயிற்றுக்குப் பதில் புதுக் கயிறு தைத்தார்கள். தையல் ஆறி, அவர் மாடிப்படி ஏறி இறங்கப் பழகியதும், டாக்டரம்மா மறுபடி எக்கோ எழுதினார். இந்தத் தடவை சலூன்காரர் கூசுதென்று சொல்லவில்லை. மார்பின் நடுவே நீளமான தழும்போடு இடது பக்கம் திரும்பிப் படுத்து, சுவரையே பார்த்தார். சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மனுஷனுக்குப் பயம்.

அவள் பார்த்தாள். திறந்தது, சாத்தியது. இரண்டு இதழும் நடுவில் வந்து ஒன்றோடொன்று பொருந்திச் சாத்தின. நிறம் போட்டுப் பார்த்தாள். சாத்திய வால்வுக்குப் பின்னால் இருட்டு, ஒரு சொட்டு நீலம் இல்லை. கோணம் மாற்றினாள், மறுபடி மாற்றினாள். எங்கேயும் இல்லை. கருவியை வைத்துவிட்டு ஜெல்லைத் துடைத்தாள்.

“என்ன தெரிஞ்சுது?” என்றார் சுவரைப் பார்த்தபடியே.

“டாக்டர் சொல்வாங்க.”

“சொல்லட்டும். நீ கையக் கொடு.”

கொடுத்தாள். அவர் அதைத் தன் உள்ளங்கையில் ஏந்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். கை அசையவில்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி அமைதியாகக் கிடந்தது.

“போதும். டாக்டர் மெதுவா வரட்டும்” என்று எழுந்து, பட்டனைக் கூடச் சரியாகப் போடாமல், விசிலடித்துக்கொண்டு போனார்.

அடுத்து ஒரு பெரியவர் வந்து படுத்தார். ஒயர்களை ஒட்டுவதற்காக அவள் குனிந்தாள். அவர் அண்ணாந்து பார்த்தார், அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“என்னம்மா இது? கல்லு மூஞ்சின்னு சொல்லி அனுப்புனாங்க, நீ இப்படிச் சிரிக்கிற! பாக்காமலே தெரிஞ்சுடுச்சா? அவ்ளோ மோசமா?”

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. பலன் சொல்வது தன் வேலை இல்லை என்று இத்தனை காலம் காத்த வாயும் அன்றைக்குக் கட்டுமீறியது.

“உங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல ஐயா. இது என் வீட்டுக்காரருக்கு” என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. “அவர் வால்வு நல்லா சாத்துதுங்க ஐயா. ரொம்ப நல்லா சாத்துது.”